குஞ்சிதபாதத்தின் புது நடை

இன்னொரு தடவை போடும்மா அந்தக் கரடியை. இரு, கண்ணாடியை மாட்டிக்கறேன்.

ஆங், அவரேதான். கரடிக்கு வேட்டி கட்டி விட்டிருக்கீங்க, தலைப்பாகை வச்சிருக்கீங்க, ஆனா நடை அவரு நடை. இடது கை மட்டும் ஆடாம தொங்குது பாரு, அதைக்கூட விடலை நீங்க. எத்தனை பேரு உக்காந்து வரைஞ்சீங்க? ஆறு பேரா? நாலு மாசமா, ஒரு நடைக்கு? இருக்கும், இருக்கும். அவருக்கும் அவ்வளவுதான் ஆச்சு. ஐப்பசியில ஆரம்பிச்சுது, மாசிக்குள்ள முழுசா வந்துடுச்சு.

மோர் குடி. மெட்ராஸ்லேர்ந்து திருச்சிக்கு இந்த வெயில்ல பஸ்ஸுல வந்திருக்கே. கையெழுத்துக்கு என்ன அவசரம், அவரு நடையை உங்க பொம்மைப் படத்துல வச்சுக்க சம்மதம்ங்கற காகிதம் எங்கேயும் ஓடிப் போயிடாது. நீ கேட்டியே, இந்த நடையை அவரு யார்கிட்ட கத்துக்கிட்டாரு, எப்படிப் பழகினாருன்னு. அதை முதல்ல சொல்றேன். ஆனா முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். அந்த மனுசன் மேல எனக்கு இன்னும் கோவம் தீரலை. செத்து நாப்பது வருசம் ஆச்சு, தீரலை. கட்டின பொண்டாட்டி நான். மேடையில ஜோடியும் நான்தான். என்கிட்ட அவரு ஒரு வார்த்தை சொல்லலைம்மா. ஒரே ஒரு வார்த்தை.

அவரு பேரு குஞ்சிதபாதம். சிதம்பரத்துப் பக்கம். சாமி தூக்கின காலுக்குத்தான் அந்தப் பேரு. இவரு தூக்கின காலைப் பார்த்தா சாமி தன் காலைக் கீழ இறக்கிடும்னு எங்க வாத்தியாரு கிண்டல் பண்ணுவாரு. வாத்தியாருன்னா பள்ளிக்கூடத்து வாத்தியாரு இல்லை, எங்க குழுவை நடத்தினவரு. பொருட்காட்சிகள்ல சாயங்காலம் சாயங்காலம் எங்க நிகழ்ச்சி நடக்கும். பாட்டு இருக்கும், மேஜிக் இருக்கும், நடுவுல காமிக் டான்ஸ். காமிக் டான்ஸ்னா அதுல நானும் அவரும்தான். அபரஞ்சி - குஞ்சிதபாதம்னு நோட்டீஸ்ல போடுவாங்க. என் பேருதான் முதல்ல வரும். அதுல அவருக்கு ஒண்ணும் வருத்தம் கிடையாது.

எங்க ஐட்டம் பேரு மாப்பிள்ளை அழைப்பு. பொண்ணு வீட்டு வாசல்ல வாழைமரம் கட்டியிருக்கும். நான் பொண்ணு. அவரு மாப்பிள்ளை, தெருவுலேர்ந்து நடந்து வரணும். அவ்வளவுதான் கதை. நடந்து வர்றதுலதான் எல்லாமே இருக்கு. போலீஸ்காரரு நடை, ஜமீன்தாரு நடை, புதுச் செருப்பு கடிச்சவன் நடைன்னு வருசத்துக்கு ஒண்ணு வைப்பாரு. கால் எல்லாம் அவருக்குச் சொன்னபடி கேக்கும். ஆனா மூஞ்சிதான் கேக்காது. ஜனம் சிரிக்கறதுக்கு முன்னாடி இவரு சிரிச்சுடுவாரு. வாத்தியாரு தலையில அடிச்சுக்குவாரு. "யோவ், கால் தப்புப் பண்ணணும், அது மூஞ்சிக்குத் தெரியவே கூடாது. உன் மூஞ்சி உன் காலைக் காட்டிக் குடுக்குதுய்யா"ம்பாரு. பதினஞ்சு வருசம் சொன்னாரு. இவரு பதினஞ்சு வருசமும் பல்லைக் காட்டிக்கிட்டேதான் ஆடினாரு.

இதுல நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எங்க குழுவுல ஒரு வழக்கம். மாசி மாசம் பொருட்காட்சிக்குப் புது நடை வைக்கணும்னா, அதை ஒத்திகையில பழக மாட்டாங்க. வீட்டுல பழகுவாங்க, கடைத்தெருவுல பழகுவாங்க. பால் வாங்கப் போகும்போது, தண்ணி தூக்கும்போது, எந்நேரமும் அதே நடைதான். அப்பத்தான் உடம்புல ஊறும். அப்படிப் பழகறவரை யாரும் எதுவும் கேக்கக் கூடாது. "என்ன இது, புதுசா நடக்கறே?"ன்னு யாராச்சும் வாயைத் திறந்து கேட்டுட்டா, அந்த நடை போச்சு. கண்ணு பட்டுடுச்சுன்னு அர்த்தம். அதை அங்கேயே விட்டுட்டு வேறதான் பார்க்கணும். ஜம்புலிங்கம்னு ஒருத்தரு மூணு மாசம் வாத்து நடை பழகினாரு. பக்கத்து வீட்டம்மா கேட்டுட்டாங்க. மறுநாளே விட்டுட்டாரு. அவரு அழுததை நானே பார்த்தேன். அதனால நாங்க கேக்க மாட்டோம். பார்ப்போம், பார்க்காத மாதிரி இருந்துக்குவோம்.

அந்த வருசம் எங்களுக்கு நேரம் சரியில்லை. அதுக்கு முந்தின ரெண்டு வருசமும் அவரு வச்ச நடை எடுபடலை. ஜனம் எழுந்து கடலை வாங்கப் போயிடுச்சு. வாத்தியாரு என்னைத் தனியா கூப்பிட்டு, "இந்த மாசியிலயும் ஒண்ணும் நிக்கலைன்னா நான் வேற ஜோடியைப் பார்க்க வேண்டியதுதாம்மா, மனசுல வச்சுக்காதே"ன்னாரு. நான் அவருகிட்டச் சொன்னேன். ஆட்டம் போச்சுன்னா எங்களுக்கு வேற என்ன தெரியும் சொல்லு?

ஐப்பசி மாசம். காலையில நான் கத்திரிக்காய் நறுக்கிக்கிட்டிருக்கேன். அவரு கொல்லைப் பக்கம் போறதுக்கு எழுந்தாரு. நிலைப்படிகிட்ட வந்து நின்னுட்டாரு. காலைத் தூக்கறாப்புல வருது, தூக்க மாட்டேங்குது. குதிகால் மட்டும் எழும்புது, மறுபடி உக்காந்துக்குது. தரையில பசையைக் கொட்டி வச்ச மாதிரி. அப்புறம் திடீர்னு கிளம்பி, சின்னச் சின்ன அடியா, தடதடன்னு, எலி ஓடற மாதிரி கொல்லைக் கதவு வரைக்கும் ஓடினாரு. இடது கை ஆடவே இல்லை. மூஞ்சியில ஒண்ணுமே இல்லை. ஒரு பல்லு தெரியலை.

நான் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டேன். சிரிப்பு தாங்கலை எனக்கு. பதினஞ்சு வருசத்துல அவரு பண்ணி நான் நெசமாச் சிரிச்சது அன்னிக்குத்தான். கும்பிட்டேன் மனசுக்குள்ள. மனுசன் புது நடை பிடிச்சுட்டாரு, பொழப்பு தப்பிச்சுடுச்சுன்னு. திரும்பி வந்தாரு. என் மூஞ்சியைப் பார்த்தாரு. நான் கத்திரிக்காயைப் பார்த்தேன். கேக்கக் கூடாதே.

அப்புறம் தினம் தினம்தான். ரேஷன் கடை வரிசையில அதே நடை. பஸ் ஏறும்போது அதே நடை. சட்டைப் பொத்தான் மாட்ட அரை மணி நேரம் பண்ணுவாரு. அதுலயும் ஏதோ ஒரு காமிக் வைக்கறாரு போலன்னு நினைச்சேன். குழுவுல எல்லாருக்கும் தெரியும். வாத்தியாரு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாரு, பேசாம இருன்னு. ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அவ்வளவு மரியாதை, அந்த நடைக்கு.

ஒரே ஒரு தடவைதான் எனக்குப் பொறுக்கலை. லால்குடியில என் சித்தப்பா செத்துட்டாரு. என்னைத் தூக்கி வளர்த்தவரு. பாடை எடுக்கறாங்க. ஆம்பளைங்க எல்லாம் பின்னால போகணும். இவரு வாசப்படியில நின்னுட்டாரு. குதிகால் எழும்புது, உக்காருது, எழும்புது, உக்காருது. பின்னால வர்றவங்க இடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. யாரோ ஒரு பிள்ளை களுக்குன்னு சிரிச்சுது. அப்புறம் நாலு பொம்பளைங்க வாயைப் பொத்திக்கிட்டாங்க. என் சித்தி அழுகையை நிறுத்திட்டுப் பார்க்கறாங்க. எனக்கு மானமே போச்சு. போய் அவரு கையைப் பிடிச்சுக் கிள்ளினேன். "எழவு வீட்டுலயுமா? வெக்கமா இல்லையா உங்களுக்கு? இங்கயாச்சும் நிறுத்துங்க"ன்னேன். அவரு என்னைப் பார்த்தாரு. உதடு லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. சத்தம் வரலை. மூஞ்சியில ஒரு வருத்தம் வேணாம்? ஒரு கூச்சம் வேணாம்? அப்படியே மரமா இருந்துச்சு. அதுதான் எனக்கு இன்னும் கோவம். நாலு நாள் நான் அவருகூடப் பேசலை. அப்பகூட நிறுத்துங்கன்னுதான் சொன்னேன். ஏன்னு கேக்கலை. கோவத்துலயும் வழக்கத்தை விடலை நான்.

மாசி வந்துச்சு. முதல் நாள். திரைக்குப் பின்னால வாழைமரம் எல்லாம் கட்டியாச்சு. மேளம் வாசிச்சதும் மாப்பிள்ளை உள்ளே வரணும். மேளம் வாசிச்சாங்க. அவரு வாழைமரத்துக்கு அந்தப் பக்கம் நின்னுட்டாரு. குதிகால் எழும்புது, உக்காருது. மறுபடி மேளம். வரலை. மூணாவது தடவை. ஜனம் மெல்லச் சிரிக்க ஆரம்பிச்சுது. பாட்டுக்கு நேரம் தாண்டிப் போகுது, எனக்குப் பதட்டம். நான் பொண்ணு வேஷத்துல இருக்கறவ, மாலையும் கழுத்துமா சுத்திக்கிட்டு அவரு பின்னால போய், "யோவ், போய்யா உள்ளே!"ன்னு இடுப்புல ஒரு உதை விட்டேன். அவ்வளவுதான். கால் கிளம்பிடுச்சு. தடதடன்னு மேடை முழுக்க ஓடினாரு. நிக்கத் தெரியலை. அந்தக் கோடியில தூண்ல போய் மோதினாருன்னு வையி, கொட்டகைத் தகரம் எல்லாம் அதிருது. அப்படிச் சிரிச்சுது ஜனம். நானும் சிரிச்சேன், மேடையிலேயே.

உள்ளே வந்ததும் வாத்தியாரு ஓடி வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. "மூஞ்சிய்யா! கடைசியில மூஞ்சி வந்துடுச்சுய்யா உனக்கு!"ன்னு சொல்லி அழுதாரு. இவரு டிரங்குப் பெட்டி மேல உக்காந்திருந்தாரு. கண்ணுலேர்ந்து தண்ணி வழியுது, மூஞ்சி அப்படியே இருக்கு. ஆனந்தக் கண்ணீருன்னு நினைச்சேன்.

"அபரஞ்சி, நல்லா இருந்துச்சா?"ன்னாரு.

"இந்த ஒரு நடை போதுங்க நமக்கு. இதை வச்சே காலத்தை ஓட்டிடலாம்."

"நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன். விழுந்து விழுந்து சிரிச்சேன்."

"அப்பச் சரி"ன்னாரு.

அதுக்கப்புறம் தினமும் அந்த உதை வேணும்னுட்டாரு. "நீ பின்னால வந்து உதைச்சாத்தான் அபரஞ்சி கால் கிளம்புது"ன்னாரு. சரி, தாளத்துக்குச் சொல்றாருன்னு விட்டுட்டேன். புருசனைக் காலால உதைக்கறது பாவம் இல்லையா? அதனால மேடை ஏறறதுக்கு முன்னாடி தினம் அவரு காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போவேன். ஒரு நாள் தவறலை. ரெண்டு காலையும், ரெண்டு கையால. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம் இல்லையா? சொல்லலையே.

மெட்ராஸ்லேர்ந்து சினிமாக்காரங்க வந்து பார்த்துட்டு, படத்துல காமிக் டான்ஸா வைக்கறோம்னு கூட்டிக்கிட்டுப் போனாங்க. பட்டப் பகல்ல, விளக்கு எல்லாம் போட்டு, தரை அடுப்பா கொதிக்குது. திரும்பத் திரும்ப எடுத்தாங்க. பதினாலு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் உதைக்கணும், அவரு போய்த் தூண்ல மோதணும். முட்டி எல்லாம் ரத்தம். பதினாலாவது தடவை மோதக்கூட இல்லை, பாதியிலேயே குப்புற விழுந்துட்டாரு. அதுதான் பிரமாதம்னு அதையே வச்சுக்கிட்டாங்க. நீங்க பார்த்து வரைஞ்ச பழைய ரீல் அந்தப் பதினாலாவதுதான். கரடியும் பாதியிலேயே விழுது பாரு.

அடுத்த வருசம் கார்த்திகையில வாத்தியாரு கூப்பிட்டு, "குஞ்சிதம், அந்த நடையை ஊரே பார்த்தாச்சு. புதுசா ஒண்ணு வையி"ன்னாரு. இவரு, "வேற வரலை வாத்தியாரே"ன்னாரு. வாத்தியாருக்குச் சுருக்குன்னுடுச்சு. சினிமாவுல தலையைக் காட்டினதும் திமிரு வந்துடுச்சுன்னு நினைச்சாரு. நானும் அப்படித்தான் நினைச்சேன். வீட்டுக்கு வந்து பிடிபிடின்னு பிடிச்சேன். "புதுசு வேணாம். எதுவும் வேணாம். இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவத்துக்கு மனுசன் நடக்கற மாதிரி சாதாரணமா நடந்து காட்டுங்க, பார்க்கறேன். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு நீங்க ஒழுங்கா நடந்து"ன்னேன்.

அவரு ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் வாய்க்குள்ளேயே மேளம் வாசிக்க ஆரம்பிச்சாரு, ததிங்கிணதோம், ததிங்கிணதோம்னு. நடந்தாரும்மா. ரெண்டு கையும் வீசி, நெஞ்சை நிமித்தி, நேரா நடந்தாரு. எனக்கு உடனே அடையாளம் தெரிஞ்சுது, அது எங்க தெருவுக்கு வர்ற தபால்காரரு ராயப்பன் நடை. பன்னெண்டு அடி. அந்தச் சுவத்துகிட்டப் போய் நின்னாரு. நான் கை தட்டினேன். "பார்த்தீங்களா, எல்லாம் வருது உங்களுக்கு. வீம்பு பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க"ன்னேன்.

சுவத்தைப் பார்த்துக்கிட்டே, "ராயப்பன் மாதிரி பண்ணினேன்"ன்னாரு.

"அதையே பண்ணுங்க, போதும்"னுட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

சோறு கொதிச்சு, வடிச்சு, இறக்கி வச்சுட்டு வந்து பார்க்கறேன். அதே இடத்துல, அதே சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறாரு. வேட்டி நனைஞ்சு தரையெல்லாம் ஈரம்.

"திரும்ப முடியலை அபரஞ்சி"ன்னாரு.

பெரிய டாக்டருகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனோம். நடுக்குவாதம்னாரு. கை நடுங்கலையேன்னேன். சிலருக்கு நடையிலதான் ஆரம்பிக்கும்னாரு. மூஞ்சி இறுகிப் போறதும் இந்த வியாதிதானாம். மூஞ்சிகூடம்மா. "எத்தனை நாளா இப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு. ஒரு வருசத்துக்கு மேலன்னேன். "ஒரு வருசத்துக்கு மேல பக்கத்துல இருந்துக்கிட்டு என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"ன்னாரு. கை தட்டிக்கிட்டிருந்தோம்னா சொல்ல முடியும்?

பதினோரு வருசம் இருந்தாரு அதுக்கப்புறம். தரையில சாக்குக்கட்டியால கோடு கோடா போட்டு வைப்பேன், கோட்டைத் தாண்டுங்கன்னா காலைத் தூக்குவாரு. நானே குளிப்பாட்டினேன், நானே ஊட்டினேன். வாத்தியாரு ஒரு தடவை பார்க்க வந்தாரு. சாப்பிட்டுட்டுப் போகச் சொன்னேன், ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம எழுந்து போயிட்டாரு. சிரிப்பு மட்டும் இவரு மூஞ்சிக்கு வரவே இல்லை. பல்லைக் காட்டாதேன்னு பதினஞ்சு வருசம் திட்டு வாங்கின மனுசனைப் பார்த்து, ஒரு தடவை பல்லைக் காட்டுங்களேன்னு கெஞ்சியிருக்கேன் நான்.

கேட்டேனா அவரைன்னு பார்க்கறே. கேட்டேன். கடைசி வருசம் கேட்டேன். பேச்சு ரொம்பக் கம்மியாயிடுச்சு அப்ப, வாய்கிட்டக் காதை வச்சாத்தான் கேக்கும். "ஏங்க என்கிட்டச் சொல்லலை? முதல்லேயே சொல்லியிருந்தா நான் இழுத்துக்கிட்டுப் போயிருப்பேனே டாக்டருகிட்ட"ன்னேன்.

அவரு சொன்னாரு: "எனக்கு என்னான்னே தெரியலை. எத்தனையோ கோணல் நடை நடந்தோமே, அதுல ஒண்ணு உள்ளே தங்கிடுச்சுன்னு நினைச்சேன். யாராச்சும் கேட்டா விட்டுடலாம்னு இருந்தேன். நம்ம வழக்கம்தானே, கேட்டுட்டா விட்டுடணும். கேட்டுட்டா அது போயிடும்னு நம்பினேன். பால்காரரு கேப்பாருன்னு பார்த்தேன். நீ கேப்பேன்னு தினமும் பார்த்தேன். ஒருத்தரும் கேக்கலை."

இது ஒரு பதிலா? நீயே சொல்லு. நிலைப்படியில நின்னு என் மூஞ்சியைப் பார்த்தாராம், நான் கத்திரிக்காயைப் பார்த்தேனாம். வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுசன்.

நீ உதைச்சாத்தான் கால் கிளம்புதுன்னு சொன்னாரே, அது சொன்னதுதானேங்கறியா?

இன்னொரு தடவை போடு அந்தக் கரடியை. வாசல்ல நிக்குதா? பின்னால பொண்ணு கரடி வருதா? நிறுத்து, அங்கேயே நிறுத்து. காலைத் தூக்கிட்டா பாரு படுபாவி.

வரைஞ்சதை மாத்த முடியும் இல்லை? நாலு மாசம் ஆகுமா? ஆகட்டும், நான் இருப்பேன். அவ உதைக்க வேணாம்மா. பக்கத்துல வந்து, "ஏங்க, கால்ல என்ன?"ன்னு ஒரு தடவை கேக்கட்டும். பிள்ளைங்க சிரிக்காதுதான். எனக்குத் தெரியாதா, எந்த இடத்துல சிரிப்பு வரும்னு? சிரிக்காட்டிப் போகுது. அவ கேக்கட்டும். கேட்டதும் கரடி அந்த நடையை விட்டுட்டு, கையை வீசிக்கிட்டு நேரா வீட்டுக்குள்ள போகட்டும்.

அப்படி வரைஞ்சு எடுத்துக்கிட்டு வா. கையெழுத்துப் போடறேன்.